கேளுங்கள், சொல்கிறோம்: பிரேசில் ஆட்டங்கள்

காட்பாடி வாசகி: பரதம் கற்றவள் நான். கல்லூரி விழாவுக்குச் சாம்பா பழகுகிறோம். இடுப்பு அசைவு மட்டும் வரவே மாட்டேன் என்கிறது. என்ன செய்யலாம்?

முதலில் இடுப்பை மறந்துவிடுங்கள். பாதமும் முழங்காலும் ஒழுங்காக வேலை செய்தால் அது தானே அசையும். முழங்காலைத் தளர்த்தி, எடையை முன்பாதத்தில் வைத்து நில்லுங்கள். வலது காலைச் சற்றே பின்னால் வையுங்கள். இடது காலை நின்ற இடத்திலேயே மாற்றி மிதியுங்கள். வலதை அதன் பக்கத்தில் கொண்டுவாருங்கள். இந்த மூன்று மிதி ஒரு செட். அடுத்த செட் இடது காலில்.

பரதம் பழகியவர்கள் தடுமாறுவது இரண்டு இடத்தில். தட்டடவு மாதிரி முழுப் பாதத்தையும் அறைந்தால் எடை குதிகாலில் சிக்கி, மூன்றாவது மிதி பிந்திவிடும். இன்னொன்று தாளம். சுர்டோ என்ற பெரிய முரசின் கனமான அடி இரண்டாவது தட்டில் விழும். நீங்களோ பழக்கத்தில் முதல் தட்டிலேயே அழுத்துவீர்கள். நிமிடத்துக்கு 60 தட்டு வேகத்தில் கைதட்டிப் பழகிவிட்டு, பிறகு பாட்டைப் போடுங்கள்.

பார்த்துக் கற்க ரியோ கார்னிவலை விட, பயீயா மாநிலத்தின் சாம்பா டி ரோடா நல்லது. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழிவந்த வட்ட ஆட்டம் அது. பாதம் தரையை விட்டுக் கிளம்பவே கிளம்பாது. சாப்பாட்டுத் தட்டில் கத்தியை உரசித் தாளம் போடுவார்கள். ஆடி முடித்தவர், வயிற்றோடு வயிறு தொட்டு அடுத்தவரை உள்ளே அழைப்பார். இது அங்கோலா, காங்கோ பக்கத்து வழக்கம்.

அணைக்கட்டு வாசகர்: நம் பக்கம் எருது விடும் விழா போல அங்கேயும் காளை விழா உண்டாமே?

உண்டு, ஆனால் உயிர்க்காளை கிடையாது. மரன்யாவுங் மாநிலத்தில் ஜூன் மாதம் நடக்கும் பும்பா மெவ் போய் அது. சட்டத்தின் மேல் மணி கோத்த வெல்வெட் போர்த்தி, உள்ளே ஒரு ஆள் புகுந்து ஆடுவார். ஆட்டத்தின் கதை இது: கர்ப்பிணி மனைவி நாக்குக் கறிக்கு ஆசைப்பட, வேலையாள் பண்ணையாரின் செல்லக் காளையை வெட்டிவிடுகிறான். கடைசியில் காளை உயிர்த்தெழுகிறது. ஆப்பிரிக்க, பூர்வகுடி, போர்ச்சுகீசிய வழக்கங்கள் மூன்றும் இதில் கலந்திருக்கின்றன. 2019இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பெரிய வட்டத் தப்பட்டைகளை, நம்மூர்ப் பறை போலவே, தீயில் காய்ச்சித்தான் அடிப்பார்கள். இல்லாவிட்டால் இரவு ஈரத்தில் தோல் தொய்ந்து சத்தம் அமுங்கிவிடும்.

ஆம்பூர் வாசகர்: ஃப்ரெவோ ஆட்டத்தில் குடை எதற்கு?

ரெசிஃபி நகரத்து ஆட்டம் இது. அந்தக் காலத்தில் பேண்டு வாத்தியக் குழுக்களுக்கு முன்னால் கபோய்ரா என்ற தற்காப்புக் கலை வீரர்கள் காவலாகப் போவார்கள். 1890இல் கபோய்ரா குற்றமாக்கப்பட்டது; அதன் அசைவுகள் ஆட்டத்துக்குள் ஒளிந்துகொண்டன. குடை ஆயுதத்துக்குப் பதிலாக வந்தது என்பார்கள். இப்போது சமநிலைக்கும் அழகுக்கும்தான். சின்னக் குடையாகப் பாருங்கள். பெரியது சுழலும்போது காற்றைப் பிடித்து மணிக்கட்டைத் திருகிவிடும்.