ஆளில்லாத தீவில் குட்டிகள் ஏன் சாகின்றன?

கேள்வி: ஹவாயில் மாங்க் சீல் என்ற கடல்நாய் அழியும் ஆபத்தில் இருக்கிறதாமே. ஆளில்லாத தீவுகளில்தான் குட்டிகள் அதிகம் செத்தன என்கிறார்கள். மனுஷனே இல்லாத இடத்தில் எதற்குச் சாகணும்?
– வாசகி, வேதாரண்யம்

பதில்: நியாயமான சந்தேகம்தான் அம்மா. மொத்தமே சுமார் 1,600 சீல்கள். 1,200 நீங்கள் சொன்ன ஆளில்லாத வடமேற்குத் தீவுகளில். மீதி, ஜனங்கள் வாழும் பெரிய தீவுகளில். வளர்ந்த சீல் எங்கிருந்தாலும் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். அடிபடுவது இளசுகள். தாய் ஐந்தாறு வாரம் பட்டினி கிடந்து பால் கொடுத்துவிட்டுப் போய்விடும். அப்புறம் குட்டி தானே இரை தேடணும். வடமேற்கில் பெரிய மீன்களும் சுறாக்களும் அந்த இரைக்கே போட்டி. சில சுறாக்கள் குட்டியையே கடிக்கும். மிதந்துவரும் பழைய வலை வேறு. வலையில் ஆமை சிக்குவதைப் பார்த்த உங்களுக்கு நான் சொல்லணுமா? குட்டி போடும் மணல்திட்டும் நிலையில்லை: 2018 வாலாகா புயலில் அங்கிருந்த ஈஸ்ட் தீவு ஏறக்குறைய கரைந்தே போனது.

பெரிய தீவுகளில் இளசுகளுக்குத் தீனி நன்றாகக் கிடைக்கிறது. ஆனால் அங்கே தூண்டில் முள்ளும், பூனைக் கழிவில் வரும் டாக்சோபிளாஸ்மா கிருமியும் எமன். பூனையால் கடல்நாய் சாகும் என்றால் மயிலாடுதுறையில் எங்கள் தெருவில் ஒருத்தரும் நம்பவில்லை! பால் மறந்த குட்டியின் பின்துடுப்பில் எண் வில்லை மாட்டி, அடுத்தடுத்த வருடங்களில் எது கண்ணில் படுகிறது என்று பார்த்துத்தான் எங்கே எத்தனை குட்டி பிழைத்தது என்ற கணக்கைப் போடுகிறார்கள்.