காக்கா மட்டும்தான் இருக்கிறதா?

அன்புள்ள ஐயா,

விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு கிராமத்துப் பால்வாடியில் டீச்சராக இருக்கிறேன். மூன்று வயதிலிருந்து ஐந்து வயது வரை 22 பிள்ளைகள். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் எங்கள் ஊர்த் தம்பி ஒருவர், பிள்ளைகளுக்குப் பறவை பார்க்கக் கற்றுக்கொடுங்கள் என்று பத்தாயிரம் ரூபாய் கொடுத்திருக்கிறார். நாலு பைனாகுலரும் முப்பது பறவை போட்ட சார்ட்டும் வாங்கலாம் என்று நினைக்கிறேன். எந்த பைனாகுலர் நல்லது? எந்த வரிசையில் பேர் சொல்லித்தருவது? டாய்லெட் பேப்பர் அட்டைக் குழலில் பைனாகுலர் செய்கிற வீடியோ பார்த்தேன், அது போதுமா? தை மாதம் வேடந்தாங்கல் அழைத்துப்போகலாமா? எங்கள் ஊரில் காக்காவும் மைனாவும் தவிர ஒன்றும் கிடையாது. அதனால்தான் கேட்கிறேன்.

ம.

அன்புள்ள ம.,

கடைசி இரண்டு வரிகள் இல்லாமல் இருந்திருந்தால் சுருக்கமாகப் பதில் போட்டு முடித்திருப்பேன். "காக்காவும் மைனாவும் தவிர ஒன்றும் கிடையாது." கழுத்தில் கேமரா தொங்கவிட்டுக்கொண்டு திரிகிறவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். இதைப் பற்றி எழுத வேண்டும் என்று கொஞ்ச நாளாகவே எண்ணிக்கொண்டிருந்தேன். இப்போது 22 பிள்ளைகளைக் கையில் வைத்திருக்கிற நீங்களே சொல்கிறீர்கள். கோபம் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பைனாகுலர் வேண்டாம். பெரியவர்களுக்கான பைனாகுலரை எவ்வளவு மடக்கினாலும் இரண்டு குழலுக்கும் நடுவில் பெரும்பாலும் 56 மில்லிமீட்டர் இருக்கும். நாலு வயதுப் பிள்ளையின் கண்மணிகளுக்கு இடையே ஏறத்தாழ 50 மில்லிமீட்டர்தான். ஒரு கண்ணுக்குத் தெரியும்போது இன்னொன்று இருட்டும். எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் 8×40 பைனாகுலர் முக்கால் கிலோவுக்குப் பக்கம் வரும். அதைத் தூக்கி, சக்கரத்தைத் திருகி, கிளையைத் தேடுவதற்குள் பறவை அடுத்த தெருவில் இருக்கும். யாராவது ஒரு பிள்ளை அதை வைத்துச் சூரியனைப் பார்க்கவும் பார்க்கும், கண்ணே போய்விடும். வேண்டுமானால் உங்களுக்கு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். டீச்சரும் பார்க்கப் பழக வேண்டும்.

அட்டைக் குழல் அதைவிட மோசம். முதலில், எந்தப் பால்வாடியில் டாய்லெட் பேப்பர் இருக்கிறது? அது கிடக்கட்டும். அந்தக் குழல் எதையும் பெரிதாக்காது, பார்வையைக் குறுக்க மட்டும் செய்யும். பிள்ளை பறவையைக் கண்டுபிடிப்பது ஓரக்கண்ணில் படுகிற அசைவை வைத்துத்தான். குழல் அந்த ஓரத்தையே மறைத்துவிடுகிறது.

வேடந்தாங்கலில் கரையில் நின்று ஏரிக்குள் இருக்கும் மரங்களைத்தான் பார்க்க வேண்டும். மூன்று வயதுப் பிள்ளைக்கு அது வெள்ளைப் புள்ளிகளும் வேன் வாந்தியும். ஐந்தாம் வகுப்புக்குப் போன பிறகு போகட்டும். சார்ட்டும் இப்போது வேண்டாம். முப்பது பெயரை ஒப்பிக்கிற பிள்ளை முப்பது பறவையைப் பார்த்துவிட்டது என்று அர்த்தமில்லை.

இனி காக்காவுக்கு வருவோம். மூன்று வயதுப் பிள்ளைக்கு ஏற்ற பறவை பெரிதாக இருக்க வேண்டும், கிட்டத்தில் வர வேண்டும், தினமும் வர வேண்டும், சத்தம் போட்டாலும் ஓடிவிடக் கூடாது. தேன்சிட்டு நான்கு அங்குலம்கூட இருக்காது, பிள்ளைக்குத் தெரிவது ஆடுகிற இலைதான். மீன்கொத்தி ஒரு தும்மலுக்குப் பறந்துவிடும். காகம் ஒன்றேகால் அடிக்கு மேல் நீளம். ஐந்து மீட்டர் தூரத்தில் வந்து உட்காரும், பிள்ளை கத்தினால் ஒரு எட்டு தள்ளி உட்காரும், திரும்பி வரும். இந்த நாலும் சேர்ந்த பறவை வேறு எது இருக்கிறது, சொல்லுங்கள். அதை வைத்துக்கொண்டு "ஒன்றும் கிடையாது" என்கிறீர்கள்.

கட்டடத்தின் மேற்குப் பக்கச் சுவரைத் தேர்ந்தெடுங்கள். காலை ஒன்பதரை மணிக்கு அங்கே நிழல் இருக்கும், வெயில் பிள்ளைகளுக்குப் பின்னால் இருக்கும். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்புதான், காகத்தின் சாம்பல் கழுத்து தெரியாது. சுவரை ஒட்டிப் பாய் போட்டு, முதுகைச் சாய்த்து உட்கார வையுங்கள். முதுகுக்குச் சுவர் இருந்தால் பாதி ஓட்டம் அடங்கிவிடும். ஐந்து மீட்டர் தள்ளி வெயிலில் ஒரு தட்டைக் கல் வையுங்கள். பாய்க்கு முன்னால் கோலமாவில் ஒரு கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் காக்காவின் வீடு, அவ்வளவுதான் விதி.

முதல் வாரம் பிள்ளைகளை அழைத்து வராதீர்கள். ஆயா மட்டும் தினமும் அதே நேரத்தில், அதே குரலில் கூப்பிட்டு, உப்பில்லாத சோறு ஒரு கைப்பிடி வைக்கட்டும். மிக்சர், முறுக்கு எதுவும் கூடாது. ஒரு கைப்பிடிக்கு மேலும் வேண்டாம். மிச்சம் கிடந்தால் எலி வரும், நாய் வரும். நாய் வந்தால் அன்றைய பாடம் நாய்தான். நேரத்துக்குக் காகம் வந்து காத்திருக்கத் தொடங்கியதும் பிள்ளைகளைக் கூட்டி வாருங்கள். ஒரு தடவைக்கு ஏழெட்டுப் பேர், பத்து நிமிடம், மற்றவர்கள் ஆயாவோடு உள்ளே. இருபத்திரண்டு பேரையும் ஒன்றாக உட்கார வைத்தால் அவர்கள் பார்ப்பது ஒருவரையொருவர்தான்.

ஒரு நாளைக்கு ஒரே ஒரு கேள்வி. இங்கேதான் எல்லா டீச்சர்களும் கெடுக்கிறீர்கள். கலர் என்ன, மூக்கு எப்படி, எத்தனை கால், என்ன சாப்பிடும் என்று மூச்சு விடாமல் கேட்டால் பிள்ளை காகத்தை விட்டுவிட்டு உங்கள் வாயைப் பார்க்கும். திங்கட்கிழமை, காக்கா நேராகக் கல்லுக்கு வந்ததா, முதலில் வேறெங்காவது உட்கார்ந்ததா? கரண்ட் கம்பியிலோ தண்ணீர்த் தொட்டியிலோ உட்கார்ந்து நோட்டம் பார்த்துவிட்டுத்தான் இறங்கும். செவ்வாய், நடந்ததா, குதித்ததா? இரண்டும் செய்யும். மெதுவாக வரும்போது நடக்கும், சந்தேகம் வந்தால் பக்கவாட்டில் குதிக்கும். புதன், பெரிய துண்டை எப்படிச் சாப்பிட்டது? காலால் மிதித்துக்கொண்டு அலகால் கிழிக்கும். வடை சுட்ட பாட்டி கதையில் காகம் ஏமாந்துபோவதை மட்டும் சொல்கிறோம், இந்தக் காலை யாரும் காட்டுவதில்லை. வியாழன், இங்கேயே தின்றதா, தொண்டையில் அடைத்துக்கொண்டு போனதா? வெள்ளி, சாப்பிட்டு முடித்து அலகை எங்கே துடைத்தது?

மூன்று வயதுப் பிள்ளையிடம் பதிலை வாயால் கேட்காதீர்கள். "எப்படி நடந்துச்சு, காட்டு" என்று சொல்லுங்கள், எழுந்து நடந்து காட்டும். பிள்ளை தப்பாகச் சொன்னால் திருத்த வேண்டாம், "நாளைக்கும் பாக்கலாம்" போதும். நாளைக்கும் காகம் வரும், அதுதான் காகத்தின் பெருமை. வெயில் ஏறிய பின் அது வாயைத் திறந்துகொண்டே உட்கார்ந்திருப்பதை ஏதாவது ஒரு பிள்ளை தானே கண்டுபிடிக்கும். பறவைக்கு வேர்க்காது, வாயைத் திறந்துதான் சூட்டைத் தணிக்கும் என்று அப்போது சொல்லுங்கள், முன்கூட்டிச் சொல்லாதீர்கள்.

மரத்தில் இருப்பதைக் காட்டும்போது நின்றபடி கையை நீட்டாதீர்கள். உங்கள் உயரத்திலிருந்து தெரிகிற கிளை பிள்ளையின் உயரத்தில் இலைக்குப் பின்னால் இருக்கும். மண்டியிட்டு, பிள்ளையின் கன்னத்துக்குப் பக்கத்தில் உங்கள் கையை நீட்டுங்கள்.

எண்ணுவதற்குப் புளியங்கொட்டை வேண்டாம், மூக்கில் போகும், காதில் போகும். விரல் நீளத்துக்கு நறுக்கிய பனையோலைத் துண்டு நல்லது. ஒரு காகம் வந்திறங்கினால் கூடையில் ஒரு துண்டு. கணக்கு தப்பும், காகங்கள் போய்ப் போய் வரும், தப்பட்டும்.

படம் வரைய மயில் அச்சிட்ட தாள் கொடுத்து வண்ணம் அடிக்கச் சொல்லாதீர்கள். பழுப்புத் தாளில் அடுப்புக்கரி. கழுத்துக்கு ஆறிய சாம்பலைச் சலித்து, வடிகஞ்சியில் குழைத்துக் கொடுங்கள். பொடியாகக் கொடுத்தால் ஒட்டாது, கண்ணில் பட்டால் எரியும். கழுத்தில் சாம்பல் பூச மறக்கிற பிள்ளை இன்னும் பார்க்கவில்லை என்று அர்த்தம். ஒருநாள் ஒரு பிள்ளை "இந்தக் காக்காவுக்குக் கழுத்தும் கறுப்பு" என்று வந்து நிற்கும். அது அண்டங்காக்கை. அன்றைக்கு அந்தப் பிள்ளைக்குக் கைதட்டுங்கள்.

சில தாய்மார் வந்து சண்டை போடுவார்கள், கிளி மயில் சொல்லித்தராமல் என்ன காக்கா என்று. உங்கள் 22 பேரில் வீட்டிலோ தெருவிலோ "காக்கா" என்று கூப்பிடப்படுகிற கறுத்த பிள்ளை ஒன்றாவது இருக்கும், உங்களுக்கு யார் என்று தெரியும். அந்தப் பிள்ளையை முன்வரிசையில் உட்கார வையுங்கள். வெயில் படும்போது காகத்தின் இறகில் நீலமும் ஊதாவும் மின்னும். எந்தப் பிள்ளை முதலில் அதைப் பார்க்கிறது என்று பாருங்கள். உபதேசம் எதுவும் செய்யாதீர்கள், கெடுத்துவிடுவீர்கள்.

கல்லுக்குப் பக்கத்தில் இரண்டு அங்குல ஆழத்துக்கு மேல் போகாத மண்சட்டி ஒன்று. தண்ணீரைத் தினமும் கொட்டி, உட்பக்கத்தைத் தேங்காய் நாரால் தேயுங்கள். கொசு முட்டை சட்டியின் உட்சுவரில் ஒட்டியிருக்கும், கொட்டினால் மட்டும் போகாது. காய்ந்த சப்பாத்தித் துண்டு ஒன்றைச் சோற்றோடு வைத்தால் காகம் சில நாள் அதைத் தண்ணீரில் நனைத்துத் தின்னும். இறகைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். காகம் செத்துக் கிடந்தால் யாரும் தொடாமல் கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். 2021 ஜனவரியில் ராஜஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் பறவைக் காய்ச்சலில் காகங்கள் செத்து விழுந்தன.

மைனாவை இரண்டாவது மாதம் எடுங்கள். அது நடக்கும் பறவை. தவிட்டுக்குருவி தத்தித் தத்திப் போகும், அதுவும் உங்கள் ஊரில் கட்டாயம் இருக்கிறது, கூட்டமாக வேலியடியில் சருகைக் கிளறிக்கொண்டிருக்கும். நீங்கள்தான் பார்க்கவில்லை.

கோடையில் காக்காக் குஞ்சு இறங்கும் நாட்களில் மட்டும் கவனம். வாய்க்குள் இளஞ்சிவப்பாக, சரியாகப் பறக்கத் தெரியாமல் தரையில் நிற்கும். தூக்காதீர்கள், தாய் மேலேதான் இருக்கும், பின்னந்தலையில் வந்து அடிக்கும். பாயைக் கட்டடத்தின் மறுபக்கத்துக்கு மாற்றுங்கள், வெளியே போகிறவர் குடை பிடித்துக்கொள்ளட்டும். ஆயா கம்பெடுத்து விரட்டக் கூடாது. சியாட்டில் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 2006இல் ஒரு முகமூடி போட்டுக்கொண்டு காகங்களைப் பிடித்தார்கள். பல வருடம் கழித்தும் அந்த முகமூடியைக் கண்டால் காகங்கள் கூடிக் கத்தின. அது அமெரிக்கக் காகம், நம் காகம் அதற்கு இளைத்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஒரு தடவை விரட்டிவிட்டால் அப்புறம் சோறு வைக்க நீங்கள் வேறு ஆள்தான் பார்க்க வேண்டும்.