நண்பர்களோடு உட்கார்ந்து ஊர்ப் பிரச்சினைகளைப் பேசுவதால் ஏதாவது நடக்குமா, இல்லை வெறும் பொழுதுபோக்கா?

பெரும்பாலும் பொழுதுபோக்குதான். பதினைந்து வருடமாகப் பேசிக்கொண்டிருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்.

நாங்கள் ஐந்து பேர். ஒன்றாகப் படித்தவர்கள், ஒரே பேரூராட்சியில் இருக்கிறோம். ஞாயிறு காலை டீக்கடையில் கூடினால் குழாயில் தண்ணீர் வராததில் ஆரம்பித்து மத்திய பட்ஜெட் வரை ஒரு சுற்று வந்துவிடுவோம். டீ ஆறுவதற்குள் நாட்டைத் திருத்திவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோம்.

ஒரே ஒரு முறை அப்படிப் போகவில்லை. எங்களில் ஒருவன் வீட்டுத் தெருவில் போட்ட தார்ச்சாலை நாலே மாதத்தில் பெயர்ந்துவிட்டது. "எல்லாம் கமிஷன்" என்றான் ஒருவன். "ஜல்லியே போடல, தாரைத் தெளிச்சுட்டுப் போயிட்டான்" என்றான் வீட்டுக்காரன். ஓட்டுக்குக் காசு வாங்கினால் இப்படித்தான் என்று நான் என் வழக்கமான பாட்டைப் பாடினேன். ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நண்பன் மட்டும், "பத்து ரூபாய்தானே, எழுதிக் கேட்டா என்னடா?" என்றான். அவன் சொன்னது 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தை. கடைக்கு வருகிறவர்களின் மனுக்களைப் பிரதி எடுத்தே பாதிச் சட்டம் படித்தவன் அவன்.

அங்கேயே எழுதினோம். அதாவது, கோபத்தை எழுதினோம். 'சாலை ஏன் இவ்வளவு மோசமாகப் போடப்பட்டது? மக்கள் பணம் வீணானதற்கு யார் பொறுப்பு?' பத்து ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பினோம். மூன்று வாரத்தில் பதில் வந்தது: தாங்கள் கேட்பது தகவல் என்ற வரையறைக்குள் வராது. எங்களுக்கு ஆத்திரம். ஆனால் யோசித்தால் அவர்கள் சொன்னது சரி. அலுவலகத்தில் காகிதமாக இருப்பதைத்தான் கேட்க முடியும். புதிதாகக் கருத்தோ விளக்கமோ எழுதித் தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றமே 2011இல் சொல்லியிருக்கிறது. நாங்கள் டீக்கடைப் பேச்சை அப்படியே தபாலில் போட்டிருந்தோம்.

இரண்டாவது மனுவில் கேள்விக்குறியே கிடையாது. அந்தச் சாலையின் மதிப்பீடு, பணி ஆணை, போட்ட வேலையை அளந்து எழுதிவைக்கும் அளவுப் புத்தகம், பணம் கொடுத்த ரசீது, அதற்குப் பிறகு அந்தத் தெருவைத் தோண்ட யாருக்காவது கொடுத்த அனுமதி, இவற்றின் நகல் வேண்டும். அவ்வளவுதான். எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்லத் தேவையில்லை. பிரிவு 6(2) அதைத் தெளிவாகவே சொல்கிறது. (தோண்டும் அனுமதியையும் பட்டியலில் சேர்த்தது ஜெராக்ஸ்காரன்தான். ஏன் என்று அப்போது யாரும் கேட்கவில்லை.)

30 நாள் ஆனது, பதில் இல்லை. முதல் மேல்முறையீடு போட்டோம். அப்புறம் ஒரு கனமான உறை வந்தது. பக்கத்துக்கு 2 ரூபாய் கட்ட வேண்டியது, கெடு தாண்டியதால் இலவசம்.

உறையைப் பிரித்து டீக்கடை மேசையில் பரப்பினோம். சாலை போட்ட ஆறாவது வாரம், குடிநீர்க் குழாய் பதிக்கத் தெருவை வெட்ட அனுமதி கொடுத்திருக்கிறார்கள். வெட்டிய இடத்தைச் சரிசெய்வதற்கு என்று தனியாகப் பணமும் கட்டப்பட்டிருக்கிறது. சரிசெய்யவில்லை. மண்ணைத் தள்ளி மூடியதோடு சரி. அந்தப் பள்ளம் வழியாக மழைத் தண்ணீர் இறங்கி, தாரை ஓரத்திலிருந்து பெயர்த்திருக்கிறது. வீட்டுக்காரன் மெதுவாக, "ஆமாடா, தோண்டினாங்க. எனக்கும் அதுலதான் கனெக்‌ஷன் வந்துச்சு" என்றான். நாலு வாரம் ஒப்பந்தக்காரரைத் திட்டியவன் அவன். கமிஷன் இல்லவே இல்லை என்று அந்தக் காகிதம் சொல்லவில்லை. ஆனால் நாங்கள் ஐந்து பேரும் அடித்துச் சொன்ன காரணம் அதில் இல்லை.

அந்த நகல்களை இணைத்துச் செயல் அலுவலருக்கு ஒரு மனு கொடுத்தோம். இரண்டு மாதத்தில் பள்ளத்துக்குக் கான்கிரீட் போட்டார்கள், தெரு வளைவு வரைக்கும். வளைவுக்கு அந்தப் பக்கம் இன்னும் மண்தான்.

நீங்கள் கிராம ஊராட்சியில் இருந்தால் இவ்வளவு சுற்ற வேண்டாம். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆறு நாள் கிராம சபை கூடும். அங்கே வரவு செலவை நேராகவே கேட்கலாம். ஐந்து பேராகப் போங்கள். தனியாக எழுந்து கேட்பவனை உட்காரச் சொல்வது சுலபம்.

எங்கள் பேச்சு இதனால் ரொம்ப உயர்ந்துவிட்டதா என்றால், இல்லை. கட்சி விஷயத்தில் யாரும் ஒரு அங்குலம் நகரவில்லை. ஆனால் ஊர் விஷயத்தில் யாராவது அடித்துப் பேசினால் ஜெராக்ஸ்காரன் "காகிதம் இருக்கா?" என்று கேட்டுவிடுகிறான். எரிச்சலாகத்தான் இருக்கும். ஒருவன் இதற்குப் பயந்தே கிரிக்கெட் மட்டும் பேசுகிறான்.

போன ஞாயிறு தெருவிளக்குப் பேச்சு வந்தது. மின்சாரக் கட்டணம் கட்டவில்லை, அதனால்தான் எரியவில்லை என்று நான் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். அவன் எதுவும் பேசாமல் வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினான். ஸ்டாம்ப் என் செலவு.