31 வாரத்தில் நஞ்சுக்கொடியில் கட்டி: புற்றுநோயா, உடனே சிசேரியனா?

மனைவிக்கு 31 வாரம், ஸ்கேனில் நஞ்சுக்கொடியில் 5 செ.மீ. கட்டி, ‘கோரியோஆஞ்சியோமா’ என்று ரிப்போர்ட், புற்றுநோயா, இப்போதே சிசேரியன் செய்து குழந்தையை எடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கர்ப்பகால ஸ்கேன் பார்ப்பதுதான் என் வேலை. அது புற்றுநோயின் பெயர் இல்லை. நஞ்சுக்கொடியின் ரத்தக்குழாய்கள் அளவுக்கு மீறி வளர்ந்து திரண்ட சாதாரணக் கட்டி. பிரசவத்துக்குப் பின் அறுத்துத் தேடினால் நூறு நஞ்சுக்கொடியில் ஒன்றில் கிடைக்கும். பெரும்பாலும் பொடிசு, யாருக்கும் தெரியாமலே போய்விடும். 4, 5 செ.மீ. தாண்டுவதுதான் அபூர்வம், கண்காணிப்பும் அதற்குத்தான்.

கருப்பு வெள்ளைப் படத்தில் உறைந்த ரத்தக்கட்டும் இப்படித்தான் உருண்டையாகத் தெரியும். ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் கலர் டாப்ளர் போட்டால் ரத்தக்கட்டு இருண்டே கிடக்கும், இதில் சிவப்பும் நீலமுமாக ஓட்டம் தெரியும். உள்ளே ஒரு குழாயில் துடிப்பை அளந்தால் 140 வரும். அம்மாவின் நாடி 80 என்றால் அந்த 140 யாருடையது? குழந்தையுடையது. கருப்பை நார்க்கட்டியாக இருந்தால் அம்மாவின் துடிப்புதான் வரும்.

சிக்கலே இங்கேதான். பயனில்லாத ஒரு கட்டிக்கும் சேர்த்துக் குழந்தையின் இதயம் ரத்தம் தள்ள வேண்டியிருக்கிறது. உள்ளே சிவப்பணுக்கள் சிதைந்து ரத்தசோகையும் வரலாம். பனிக்குட நீர் கூடலாம், வளர்ச்சி குறையலாம், முற்றினால் குழந்தையின் உடம்பில் நீர் கோர்க்கும்.

ஆகவே ஒன்றிரண்டு வாரத்துக்கொருமுறை ஸ்கேனில் கட்டியின் அளவு மட்டும் போதாது. நீர் அளவு, இதயம், மூளைக்குப் போகும் குழாயில் ரத்த வேகம் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். ரத்தசோகை வந்தால் ரத்தம் நீர்த்து வேகமாக ஓடும். அந்த வேகம், அந்த வாரத்துக்குரிய நடுஅளவைப் போல் 1.5 மடங்கு தாண்டினால், வயிற்றிலிருக்கும்போதே குழந்தைக்கு ரத்தம் ஏற்ற வழியிருக்கிறது. எல்லாம் சீராக இருந்தால் 31 வாரத்தில் அவசரப்பட்டு எடுப்பது குறைப்பிரசவச் சிரமத்தை விலைகொடுத்து வாங்குவதுதான். பச்சிளங்குழந்தை ஐ.சி.யூ. உள்ள ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

ஒன்று, பலர் கோட்டைவிடுவது: நஞ்சுக்கொடியைப் பயாப்சிக்கு அனுப்பச் சொல்லி லேபர் வார்டில் முன்கூட்டியே எழுதிவையுங்கள். முடிவான பெயரை மைக்ராஸ்கோப்தான் சொல்லும். மிக மிக அரிதாக நஞ்சுக்கொடியில் உண்மையான புற்றுநோயும், கோரியோகார்சினோமா, வருவதுண்டு. ஸ்கேனில் அது பெரும்பாலும் பிடிபடாது.