அரூருக்கு ஆள் இல்லாத காலம்

அன்புள்ள ஐயா,

பாலக்கோட்டில் உரக்கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வருகிறவர்கள் பேசுவதெல்லாம் தக்காளி விலை, ஏரிக்குத் தண்ணீர், பையனுக்கு ஓசூரில் வேலை கிடைக்குமா என்பதுதான். சாதிச் சண்டையை யாரும் விரும்புவதில்லை. நாங்கள் தேர்ந்தெடுக்கிறவர்களோ மேடையேறினால் வேறு ஆளாகிவிடுகிறார்கள். நடுநிலையான மக்களுக்கு ஏன் அப்படியொரு பிரதிநிதி வாய்ப்பதில்லை? அடுத்த முறை நோட்டாதான் என்றிருக்கிறேன்.

மு., பாலக்கோடு

அன்புள்ள மு.,

உங்கள் வாடிக்கையாளர்களைப் பற்றி எழுதியதைப் பாதிதான் ஏற்கிறேன். 2012 நவம்பரில் தருமபுரி நத்தம் காலனியில் தலித் மக்களின் வீடுகளை எரித்த கும்பல் முழுக்க அரசியல்வாதிகள் அல்லர். அவர்களும் மற்ற நாட்களில் தக்காளி விலை பேசியிருப்பார்கள்.

ஆனாலும் கேள்வி நியாயமானது. நம் பக்கத்து வாக்காளர் கண்ணை மூடிக்கொண்டு போடுகிறவர் அல்லர். தருமபுரி மக்களவைத் தொகுதி 2014-இல் பாமகவுக்கு, 2019-இல் திமுகவுக்கு. அந்த 2019 ஏப்ரல் 18 அன்றே, அதே தொகுதிக்குள் அடங்கிய அரூர், பாப்பிரெட்டிப்பட்டி சட்டமன்ற இடைத்தேர்தல்களில் அதிமுக வென்றது. 2021-இல் மாவட்டத்தின் ஐந்து தொகுதிகளும் அதிமுக-பாமக கூட்டணிக்கு. 2024-இல் மக்களவைக்கு மீண்டும் திமுக.

அந்த இடைத்தேர்தல்கள் ஏன் வந்தன? 2017-இல் முதல்வர் பழனிசாமிக்கு எதிராக ஆளுநரிடம் கடிதம் கொடுத்த அதிமுக உறுப்பினர்களில் 18 பேரைப் பேரவைத் தலைவர் தகுதிநீக்கம் செய்தார். அரூர், பாப்பிரெட்டிப்பட்டி உறுப்பினர்களும் அதில் அடக்கம். ஒன்றரை ஆண்டுக்கு மேல் இரண்டு தொகுதிகளுக்கும் பேரவையில் ஆள் இல்லை. கடிதம் கொடுக்கும் முன் அரூர்க்காரரை யாரும் கேட்கவில்லை; பதவியைப் பறிக்கும் முன்பும் கேட்கவில்லை. கட்சிக்கு யார் தலைமை என்ற சண்டையில் தொகுதி காலியானது.

1985-இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது ஆள்பிடிக்கும் வியாபாரத்தை நிறுத்தத்தான். ஆனால் கொறடா உத்தரவை, அதாவது அவையில் எப்படி வாக்களிக்க வேண்டும் என்ற கட்சியின் கட்டளையை, மீறி வாக்களித்தாலும் பதவி போகும் என்றானபின், உறுப்பினர் பயப்பட வேண்டிய இடம் ஒன்றுதான்: கட்சித் தலைமை. சீட்டு கொடுப்பதும் அதே இடம். விருப்ப மனு, சென்னையில் நேர்காணல், பிறகு பட்டியல். வேட்பாளரின் சாதி பலமும் செலவுசெய்யும் வசதியும் அங்கே எடைபோடப்படுவது ஊரறிந்த ரகசியம். நீங்கள் வரிசையில் நிற்கும்போது பெரும்பாதித் தேர்வு முடிந்துவிட்டிருக்கும். மேடைப் பேச்சும் தலைமையின் காதுக்குத்தான்.

இன்னொன்று. மும்முனைப் போட்டியில் பாதிப் பேரின் சம்மதம்கூட வேண்டியதில்லை. 2024-இல் தருமபுரியில் வென்றவருக்குக் கிடைத்தது பதிவான வாக்குகளில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும். தன் கூட்டத்தைச் சூடாக வைத்திருந்தால் போதும் என்று ஒரு வேட்பாளர் நினைத்தால், கணக்கு அவருக்குச் சாதகமாகவே இருக்கிறது. மூன்று கட்சிகளுக்குப் பிரிந்து போடும் நடுநிலையாளர்களுக்கு அவர் ஏன் பயப்பட வேண்டும்?

நோட்டா வேண்டாம். 2013 முதல் இருக்கிறது. அதற்கே அதிக வாக்கு விழுந்தாலும் அடுத்து நிற்கிறவர் வென்றவராகிவிடுவார். யாருக்கும் வலிக்காது. தலைமையின் பிடி தளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஊராட்சித் தலைவர் தேர்தலைப் பாருங்கள்; அதில் கட்சிச் சின்னம் கிடையாது. அங்கேயும் சாதியும் பணமும் உண்டுதான், ஆனாலும் குழாயில் தண்ணீர் வராவிட்டால் காலையில் அவர் வாசலில் போய் நிற்க முடிகிறது.

பாலக்கோட்டில் எல்லாக் கட்சி ஒன்றியச் செயலாளர்களையும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். உங்களிடம் உரக்கடன் பாக்கி வைத்திருப்பவர்கூட இருக்கலாம். விருப்ப மனு வாங்கும் நாட்களில் கடைத்தெரு வியாபாரிகள் சேர்ந்து போய், இன்ன ஆளை நிறுத்தினால் எங்கள் வாக்கு இல்லை என்று சொல்லிப் பாருங்கள். பட்டியல் வந்தபிறகு முணுமுணுப்பதைவிட அது அவர்களுக்குப் பெரிய தலைவலி.