29 வயதில் ஏடிஹெச்டி: யாரைப் பார்ப்பது?

ஏடிஹெச்டி (கவனக்குறைவு, அதீத துறுதுறுப்புக் கோளாறு) இருக்குமோ என்று கேட்கப் போன உங்களை, 'சோம்பல்தான், தியானம் பண்ணுங்க' என்று கவுன்சலர் திருப்பி அனுப்பியதைப் படித்து வருத்தமாக இருந்தது. தயவுசெய்து அதோடு விட்டுவிடாதீர்கள்.

அடுத்து மனநல மருத்துவரைப் பாருங்கள். கவுன்சலரால் மருந்து எழுத முடியாது. நேரம் வாங்கும்போதே, 'பெரியவர்களுக்கு ஏடிஹெச்டி பார்ப்பீர்களா?' என்று போனில் கேட்டுவிடுங்கள்.

பழைய ராங்க் கார்டுகள் வீட்டுப் பரணில் கிடந்தால் தேடி எடுங்கள். 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்தனவா என்று கட்டாயம் கேட்பார்கள். 'நல்ல புத்தி, கவனம்தான் இல்லை' என்று டீச்சர் எழுதிய ஒரு வரி அங்கே ரொம்ப உதவும். அம்மாவோ அக்காவோ கூட வந்தால் இன்னும் நல்லது. தூக்கம், தைராய்டு, மனச்சோர்வு பற்றியும் விசாரிப்பார்கள். அலைக்கழிப்பதாக நினைக்காதீர்கள், அவையும் கவனத்தைக் குலைக்கும்.

ஏடிஹெச்டிக்குத் தரும் மீதைல்ஃபெனிடேட் என்ற மருந்தை எழுதினால், அது எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்காது. எங்கே கிடைக்கும் என்று டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், சிபிடி (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் முறை) போன்ற பேச்சு சிகிச்சைக்கு ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு பெற்ற கிளினிக்கல் சைக்காலஜிஸ்டாகப் பாருங்கள்.

செலவுதான் தடை என்றால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. எங்கே போவது என்று குழப்பமாக இருந்தால் அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸ் எண் 14416-ஐ அழையுங்கள். இலவசம், தமிழிலேயே பேசலாம்.