பில்லிங் மென்பொருள் விற்பவரின் கொள்கை அறிக்கையை நம்பிப் பணம் கட்டலாமா?

கேள்வி: கேரளத்தில் பாலக்காட்டு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைக் கடைத்தெருவில் பதினெட்டு ஆண்டுகளாக மோட்டார், பம்புசெட் உதிரிபாகக் கடை நடத்தி வருகிறேன். சரக்கு பெரும்பாலும் கோயம்புத்தூரிலிருந்து வருகிறது. வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் சித்தூர் வட்டத்து விவசாயிகள். மீதிப் பேர் எல்லைக்கு அந்தப் பக்கம் ஆனைமலை, பொள்ளாச்சிப் பகுதியினர். சென்ற மாதம் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் விற்பனையாளர் வந்து, முதல் ஆண்டு இலவசம் என்று கூறி ஒரு கையேட்டைக் கொடுத்துச் சென்றார். அதில் விலையைவிட அந்நிறுவனத்தின் கொள்கைகளே அதிக இடத்தைப் பிடித்திருந்தன: வரிமுறை எளிதாக வேண்டும், சிறு வணிகருக்குக் கடன் எளிதில் கிடைக்க வேண்டும், கணக்குத் தரவு வணிகருக்கே சொந்தம் என்றெல்லாம் எழுதியிருந்தது. அமெரிக்காவின் இன்ட்யூட் போன்ற பெரிய நிறுவனங்களும் சிறுதொழில்களுக்காகவும் வரி செலுத்துவோருக்காகவும் இப்படிக் கொள்கைகளை அறிவிப்பதுண்டு என்று என் மகன் சொல்கிறான். இவற்றை நம்பி வாங்கலாமா, ஐயா?

பதில்: அந்தக் கையேட்டை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். ஆனால் அதைக் குப்பையில் போடவும் வேண்டாம். பேரம் பேசும்போது அது உங்களுக்குப் பயன்படும். எப்படி என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

உங்கள் மகன் குறிப்பிட்ட நிறுவனம் 1983இல் கலிபோர்னியாவில் தொடங்கப்பட்டது. தனிநபர் வருமான வரிக் கணக்கைத் தயாரிக்கும் டர்போடாக்ஸும் சிறு வணிகரின் வரவு செலவு எழுதும் குவிக்புக்ஸும் அதன் பெயர்பெற்ற பொருள்கள். வரிச் சட்டம் எளிமையாக வேண்டும் என்று அது கேட்பதில் பொய் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் வரி தாக்கல் செய்வது முழுக்க எளிதாகி, அரசே அதை இலவசமாகச் செய்து கொடுத்துவிட்டால், டர்போடாக்ஸை யார் காசு கொடுத்து வாங்குவார்கள் என்ற கேள்வியும் அதே நிறுவனத்தின் முன் நிற்கிறது. 2002இல் அமெரிக்க வரித்துறையும் மென்பொருள் நிறுவனங்களும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு நிறுவனங்கள் இலவசமாகத் தாக்கல் வசதி தரும்; அதற்குப் பதிலாக வரித்துறை தானே அத்தகைய சேவையைத் தொடங்காது. வரித்துறை கொடுத்த அந்த வாக்கு 2019இன் இறுதியில் நீக்கப்பட்டது. 2021இல் இன்ட்யூட் அத்திட்டத்திலிருந்தே விலகிக்கொண்டது. இலவசமாகவே தாக்கல் செய்திருக்கக்கூடிய சுமார் 44 லட்சம் பேரை விளம்பரத்தால் கட்டணச் சேவைக்குத் திருப்பிவிட்டது என்ற புகாரின்மேல், 2022 மே மாதத்தில் 50 மாநிலங்களோடும் தலைநகர் வாஷிங்டனோடும் 14.1 கோடி டாலருக்கு அது சமரசம் செய்துகொண்டது. தவறு செய்ததாக மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. அமெரிக்க வரித்துறை 2024இல் 12 மாநிலங்களில் தானே தொடங்கிய நேரடித் தாக்கல் சேவை 2025இல் 25 மாநிலங்களுக்கு விரிந்து, 2026ஆம் ஆண்டுத் தாக்கலுக்கு இல்லாமல் போய்விட்டது. வரி வசூலிப்பவரே வரிக் கணக்கையும் எழுதிக் கொடுத்தால் அவர் யார் பக்கம் நிற்பார் என்பது அத்தகைய சேவைக்கு எதிராக அந்நிறுவனம் வைத்த வாதம். அந்த வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு என்றாலும், அதைச் சொல்பவர் கடையில் என்ன விற்கிறார் என்பதையும் சேர்த்துத்தான் எடை போட வேண்டும்.

நம் நாட்டில் நிலைமை வேறு. வருமான வரித்துறையின் இணையதளத்திலும் ஜிஎஸ்டி இணையதளத்திலும் தாக்கல் செய்வதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. ஆகவே, உங்களிடம் வந்த விற்பனையாளர் விற்பது தாக்கல் செய்யும் உரிமையை அன்று. பில் போடுவது, சரக்கு இருப்பைப் பார்ப்பது, கணக்கை ஒழுங்காகத் தொகுத்துத் தருவது ஆகிய வசதிகளைத்தான். 'எங்கள் மென்பொருள் இல்லாமல் ஜிஎஸ்டி கட்ட முடியாது' என்று அவர் சொல்லியிருந்தால் அது உண்மையில்லை. ஆண்டு விற்றுமுதல் 1.5 கோடி ரூபாய்க்கு உட்பட்ட வணிகர்களுக்காக, ஜிஎஸ்டி வலையமைப்பு நிறுவனமே பில்லிங், கணக்கு மென்பொருள்களை இலவசமாகத் தரும் ஏற்பாட்டை 2019இல் செய்தது. முதலில் அதைப் பதிவிறக்கி, ஒரு வாரம் பில் போட்டுப் பார்த்துவிட்டு, உங்கள் கடைக்கு எது போதவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறைக்குத்தான் நீங்கள் பணம் கொடுக்கப் போகிறீர்கள்.

உங்கள் கடைக்கே உரிய ஒரு விஷயம் எல்லையால் வருகிறது. பொருள் விற்பவருக்குக் கேரளத்தில் 40 லட்ச ரூபாய் விற்றுமுதல் வரை பதிவு கட்டாயமில்லை என்ற விலக்கு, வேறு மாநிலத்துக்குச் சரக்கு விற்பவருக்குக் கிடையாது. விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் இணக்க வரித் திட்டத்தில் (காம்போசிஷன்) இருப்பவரோ மாநிலம் விட்டு மாநிலம் பொருள் விற்கவே கூடாது. ஆனைமலைக்காரர் ஒருவருக்கு நீங்கள் மோட்டாரை வண்டியில் ஏற்றி அனுப்பினால் அது ஒருங்கிணைந்த வரிக்கு (ஐஜிஎஸ்டி) உட்பட்ட விற்பனை. சித்தூர் விவசாயிக்கு விற்பது மத்திய வரியும் மாநில வரியும் சேர்ந்தது. இந்த இரண்டையும் பில் போடும்போதே பிரித்துக் காட்டாத மென்பொருள் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் உங்களுக்கு உதவாது. 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு வாளையாறு வழியாகவோ கோபாலபுரம் வழியாகவோ போகும்போது, சரக்கோடு செல்ல வேண்டிய மின்னணுச் சீட்டான இ-வே பில் தேவைப்படும் என்பதால், அதையும் அதே இடத்தில் எடுக்க முடிகிறதா என்று விற்பனையாளரைச் செய்து காட்டச் சொல்லுங்கள். கையேட்டில் இருக்கிறது என்று வாயால் சொன்னால் போதாது.

அடுத்தது, நான் எல்லாவற்றையும்விட முக்கியம் என்று கருதுவது. கணக்குப் புத்தகங்களையும் ஆவணங்களையும், அந்த ஆண்டின் ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும் என்பது ஜிஎஸ்டி சட்டம். 2025-26ஆம் ஆண்டுக் கணக்குக்கு அந்தக் கடைசி நாள் 2026 டிசம்பர் 31 என்றால், 2032இன் இறுதி வரை அது உங்கள் கையில் இருந்தாக வேண்டும். மென்பொருள் நிறுவனம் அதுவரை இருக்குமா? சிறுதொழில்களின் நலனை முழங்கிய இன்ட்யூட்டே தன் குவிக்புக்ஸை 2023இன் தொடக்கத்தில் இந்தியாவில் நிறுத்திவிட்டது. இங்கே அதில் கணக்கு வைத்திருந்தவர்கள் வேறு மென்பொருளுக்கு மாற வேண்டியதாயிற்று. அவ்வளவு பெரிய நிறுவனத்தின் நிலையே இப்படியிருக்க, உங்களிடம் வந்தவரின் நிறுவனம் நாளை கடையை மூடினால் கேட்பதற்கு ஆள் இருக்காது. அபராதத்தை வரித்துறை மென்பொருளிடம் கேட்பதில்லை, பதிவு பெற்றவரிடம்தான் கேட்கும்.

எனவே, 'தரவு உங்களுக்கே சொந்தம்' என்று கையேட்டில் அச்சிட்டிருக்கும் வரிக்குக் கீழே கோடு போட்டு, விற்பனையாளரிடம் அதை ஒப்பந்தத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள்: சந்தா முடிந்த பிறகும் எல்லா பில்களையும், பேரேட்டையும், இருப்புப் பட்டியலையும் எக்ஸெல் கோப்பாகத் தனிக் கட்டணமின்றி எடுத்துக்கொள்ள முடியும் என்று. முடியாது என்றால் அந்தக் கொள்கை கையேட்டோடு நிற்பது என்று தெரிந்துவிடும். முதல் ஆண்டு இலவசம் என்பதற்கும் அடுத்த வரியைக் கேளுங்கள்: இரண்டாம் ஆண்டுச் சந்தா எவ்வளவு, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி தனியா, இரண்டாவது கணினியில் வைத்துக்கொள்ளத் தனிப் பணமா, இ-வே பில்லுக்குத் தனிப் பணமா? பதிலை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கி வையுங்கள்.

கேள்வி: மீனாட்சிபுரத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஓராண்டுச் சோதனைக்கு என்று ஒரு பில்லிங் செயலியை எடுத்தேன். இரண்டாம் ஆண்டுச் சந்தா என்னைக் கேட்காமலேயே கணக்கிலிருந்து கழிந்துவிட்டது. ரத்து செய்யும் பொத்தான் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. வணிகத்துக்கு வாங்கியதால் நுகர்வோர் என்ற முறையில் புகார் செய்ய முடியாது என்கிறார்கள். சரியா?

பதில்: பாதி சரி, அம்மா. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்காக வாங்குபவரை நுகர்வோர் ஆகக் கருதுவதில்லை. ஆனால் சுயதொழில் செய்து தன் பிழைப்புக்காக மட்டுமே பயன்படுத்த ஒருவர் வாங்கும் பொருளை அது வணிக நோக்கம் என்று எண்ணுவதில்லை. நீங்களே தைத்து, நீங்களே பில் போடும் கடை என்பதால் இந்த விலக்கு உங்களுக்குப் பொருந்துவதாக வாதாட இடம் உண்டு. இடையூறு ஒன்றும் உண்டு: சட்டத்தின் விளக்கத்தில் பொருள் என்றுதான் இருக்கிறது, சேவை என்ற சொல் இல்லை. சந்தா கட்டிப் பயன்படுத்தும் மென்பொருள் சேவைதான், பொருள் அல்ல என்று எதிர்த்தரப்பு வக்கீல் இதைப் பிடித்துக்கொள்ளக்கூடும்.

ஆகவே வங்கியிலிருந்து தொடங்குவது நல்லது. தானாகக் கழியும் கட்டணங்களுக்கு, கழிப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு முன்னறிவிப்பு வர வேண்டும் என்றும், 15,000 ரூபாய்க்கு மேற்பட்ட இத்தகைய கட்டணத்துக்குக் கூடுதல் ஒப்புதல் வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. வந்த குறுஞ்செய்திகளைத் தேடிப் பாருங்கள். முன்னறிவிப்பே இல்லாமல் கழிந்திருந்தால் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். இனிமேலான அனுமதியையும் அங்கேயே ரத்து செய்துவிடலாம், செயலியில் பொத்தானைத் தேட வேண்டியதில்லை.

இரண்டாவதாக, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள், தமிழிலும் பேசலாம். 2023 நவம்பர் 30இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் செயலிகளும் இணையதளங்களும் திரையில் காட்டி ஏமாற்றும் உத்திகள் (டார்க் பேட்டர்ன்) 13ஐப் பட்டியலிடுகின்றன. சேர்வதை எளிதாக்கி விலகுவதைக் கடினமாக்கும் சந்தாப் பொறி அதில் ஒன்று. மென்பொருள் சந்தாவைத் தெரியாமல் வசூலிப்பது தனியாகவே இன்னொன்று. உங்கள் புகாரில் இந்த இரண்டையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். திரையில் வந்த பக்கங்களைப் படமாக எடுத்து வைத்துவிட்டு அழையுங்கள், பின்னால் அவர்கள் பக்கத்தை மாற்றிவிட்டால் ஆதாரம் இல்லாமல் போகும்.

இதில் தீராவிட்டால் பாலக்காட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். நிறுவனம் பெங்களூரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்கச் சட்டம் அனுமதிக்கிறது. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுக் கட்டணமும் இல்லை.

கேள்வி: முதலமடையில் மாம்பழம் மட்டும் மொத்த வியாபாரம் செய்கிறேன். தமிழ்நாட்டுக்கும் அனுப்புகிறேன். வெளி மாநில வியாபாரம் என்பதால் ஜிஎஸ்டி எண்ணும் மென்பொருளும் கட்டாயம் வாங்க வேண்டும் என்று ஒருவர் நெருக்குகிறார்.

பதில்: வேண்டியதில்லை. பதப்படுத்தாத புதிய மாம்பழத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது; வரி விலக்குள்ள பொருளை மட்டுமே விற்பவர் வேறு மாநிலத்துக்கு அனுப்பினாலும் பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. மாம்பழக் கூழோ ஊறுகாயோ ஒரு பெட்டி சேர்த்து விற்கத் தொடங்கினால் இந்தப் பதில் மாறிவிடும், அப்போது உங்கள் ஆடிட்டரைக் கேளுங்கள்.